பிளாக் சப்பாத்: ஒரே ஒரு ஆல்பம் கேட்பதென்றால் எது?

நண்பர் ஒருவர் போன வாரம் பிடித்துக்கொண்டார். கர்நாடக சங்கீதம் நிறையக் கேட்பவர், பழைய ராக் கொஞ்சம் கேட்பவர், நல்ல காது. "ஹெவி மெட்டல் எல்லாம் பிளாக் சப்பாத்தில்தான் தொடங்கியது என்று சும்மா சும்மா சொல்கிறீர்களே, சரி, ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள், முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறேன், பிடித்தால் மேற்கொண்டு போகிறேன், பிடிக்காவிட்டால் அதோடு என்னை விட்டுவிட வேண்டும்" என்றார். நியாயமான ஒப்பந்தம்தான். ஆனால் 1970 முதல் 2013 வரை 19 ஸ்டூடியோ ஆல்பம் போட்ட குழு அது. நடுவில் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவர் வந்தபோதும் குழு வேறு ஏதோ ஒன்றாக ஆனது. தப்பான கதவைத் தட்டினால் ஆள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு நான்கு ஆல்பங்கள் மிஞ்சின. முதல் ஆல்பமான 'பிளாக் சப்பாத்' (1970), அதே வருடம் வந்த 'பாரனாய்ட்', அடுத்த வருடத்து 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', அப்புறம் ஒன்பது வருடம் தாண்டி, வேறு பாடகரோடு வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' (1980). கடைசிவரை இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்கு. யாரைக் கேட்டாலும் 'பாரனாய்ட்' என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பு எதையாவது போட்டுக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இவர்கள் ஆல்பத்தில் ஒரு பயங்கரமான பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் வெறும் அக்கூஸ்டிக் கிட்டார் வரும், மூச்சு வாங்கிக்கொள்வீர்கள், அப்புறம் அடுத்த அடி விழும். தொகுப்புகளில் அந்த இடைவெளியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சரி, யார் இவர்கள். நான்கு பேரும் இங்கிலாந்தின் பர்மிங்காம்காரர்கள், ஆஸ்டன் பக்கம் வளர்ந்தவர்கள், போரில் குண்டு விழுந்த இடிபாடுகளும் தொழிற்சாலைகளும்தான் அவர்கள் விளையாடிய இடம். ஆஸி ஆஸ்பர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தார், கார் ஹாரன் சோதிக்கிற இடத்தில் வேலை பார்த்தார், திருடி மாட்டிக்கொண்டு சில வாரம் ஜெயிலிலும் இருந்தார். கீசர் பட்லர் கணக்குப்பிள்ளை வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர், முதலில் ரிதம் கிட்டார் வாசித்து அப்புறம் தாழ்ந்த சுரம் தருகிற பேஸ் கிட்டாருக்கு மாறியவர், ஆஸி பாடிய காலத்துப் பாட்டு வரிகளில் பெரும்பாலானவை இவர் எழுதியவை. டிரம்ஸில் பில் வார்ட், ஜாஸ் கேட்டு வளர்ந்த ஆள். கிட்டார் டோனி அயோமி. பாடகர் தேவை என்று தேடிக்கொண்டு ஆஸியின் வீட்டுக் கதவைத் தட்டியவர் டோனி. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் பில் பக்கம் திரும்பி இது ஆகாது, போய்விடலாம் என்றாராம். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஆஸியை டோனிக்குப் பிடிக்காது. ஆனாலும் கொஞ்ச நாளில் நால்வரும் சேர்ந்துவிட்டார்கள்.

டோனியின் விரல்களைப் பற்றிச் சொல்லாமல் எந்த ஆல்பம் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. 1965இல் அவருக்கு வயது 17, தகடு அடிக்கும் தொழிற்சாலையில் வேலை, அன்று அங்கே கடைசி நாள், அடுத்து ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போவதாக ஏற்பாடு. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போகவே மனமில்லை, அம்மாதான் ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். வேறொருவர் ஓட்டும் பிரஸ் மெஷினில் அன்று இவரை நிறுத்தினார்கள், பழக்கமில்லாத மெஷின். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போனது. இவர் இடது கைப்பழக்கம் உள்ளவர், அதாவது தந்தியை அமுக்குகிற கை வலது கை. கிட்டார்க்காரனுக்குப் போகவே கூடாத இரண்டு விரல் அது.

மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் பார்க்க வந்து, ஒரு இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்டுப் பார் என்றார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இடது கை விரல் இரண்டு செயலிழந்து, மிச்ச விரல்களை வைத்தே உலகத்தை அசத்திய ஜிப்ஸி கிட்டார் கலைஞர். அதற்கப்புறம் டோனி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சூடாக்கிய கம்பியால் துளை போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை மேலே ஒட்டி, தனக்குத் தானே விரல் தொப்பி செய்துகொண்டார். அந்தத் தொப்பிக்குத் தந்தி தெரியாது. எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். தடித்த தந்தி வலித்தது, மெல்லிய கிட்டார் தந்தி அப்போது விற்பனைக்கு இல்லை, பான்ஜோ தந்தியை எடுத்துக் கட்டிப் பார்த்தார். இந்த வலிக்குப் பதில் தேடிக்கொண்டே போனதில் வந்து சேர்ந்ததுதான் பிற்பாடு உலகம் ஹெவி மெட்டல் என்று பெயர் வைத்த சத்தத்தின் பெரும்பகுதி. எந்த ஆல்பத்தில் அந்தப் பதில் முழுசாகக் கிடைத்தது என்பதுதான் என் அளவுகோல்.

முதல் ஆல்பம். 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தது, மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டுப் போனார்கள், தயாரிப்பாளர் ரோஜர் பெயின். வெளியானது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பதிவின்போது டோனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தந்தி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் பழுதாகிவிட, கைவசம் மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்தார், அப்புறம் ஆயுள் முழுக்க அதுவே அவர் அடையாளம் ஆனது. முதல் பாட்டைத் தொடங்கினால் மழை, தூரத்தில் மணி, இடி, அப்புறம் மூன்றே சுரம். சங்கீதம் தெரிந்த நண்பருக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ச, மேல் ஸ்தாயி ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் ஒரு நடுக்கம். அவ்வளவுதான். நமக்குப் பிரதி மத்யமம் கல்யாணியில் எவ்வளவு மங்களமாகக் கேட்கிறது, இவர்கள் கையில் அதுவே பேய் வீட்டுக் கதவாகிவிடுகிறது, ஏனென்றால் துணைக்குக் காந்தாரமோ பஞ்சமமோ எதுவும் இல்லை, தனியாக நிற்கிறது. கீசர் அந்த நாட்களில் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் கிரகங்கள் தொகுப்பிலிருந்து செவ்வாய்ப் பகுதியை பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் நிழல்தான் டோனியின் கைக்கு வந்தது.

அந்த முதல் ஆறு நிமிடத்துக்காகவே இந்த ஆல்பத்தைச் சிபாரிசு செய்ய ஆசை வரும். ஆனால் ஆல்பத்தின் பின்பாதி இன்னும் ப்ளூஸ் குழுவாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு இழுக்கிற 'வார்னிங்' வேறொரு குழுவின் பாட்டு, அதில் டோனியின் தனி வாசிப்பு எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறது, எனக்குப் பிடிக்கும், புதியவருக்குத் தூக்கம் வரும். நகரத்துக் கிளப்களில் இரவு முழுக்க ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் தங்களுக்கே தெரியாமல் வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிற தருணம் அது. கண்டுபிடித்து முடிக்கவில்லை.

அடுத்து 'பாரனாய்ட்'. இதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம் என்று தெரியும். 'வார் பிக்ஸ்', 'பாரனாய்ட்', 'அயர்ன் மேன்' மூன்றும் ஒரே தட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இங்கிலாந்து ஆல்பம் பட்டியலில் முதலிடம் போனது, திரும்ப முதலிடத்தைப் பார்க்க இவர்களுக்கு 2013 வரை, 43 வருடம் ஆனது. தலைப்புப் பாட்டு கதை இன்னும் வேடிக்கை: ஆல்பத்துக்கு நேரம் போதவில்லை, ஒரு சின்னப் பாட்டு சேருங்கள் என்றார் பெயின், மற்றவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் டோனி அந்த ரிஃபை, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கைப் பிடித்தார், கீசர் அவசரமாக வரி எழுதினார், ஆஸி தாளைப் பார்த்துப் பாடினார், முடிந்தது. பாட்டில் 'பாரனாய்ட்' என்ற சொல்லே வராது. இடத்தை நிரப்ப வந்த பாட்டு தனிப்பாட்டாக வெளியாகி நான்காம் இடம் வரை ஏறியது. ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வார் பிக்ஸ்', அது மாறியது, அட்டைப்படம் மாறவில்லை. அதனால்தான் கேடயமும் வாளுமாக ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் மரத்துக்குப் பின்னாலிருந்து குதிக்கிற, மனப்பிறழ்வுக்குத் துளியும் சம்பந்தமில்லாத படம் இன்றுவரை அதில் இருக்கிறது.

இதன் நல்லது கெட்டது இரண்டும் அந்த மூன்று பாட்டுகள்தான். வாழ்க்கையில் எங்கேயாவது, ஏதாவது படத்திலோ விளம்பரத்திலோ, நீங்கள் ஏற்கெனவே அவற்றைக் கேட்டிருப்பீர்கள். தெரிந்த பாட்டு வரும்போது காது சோம்பேறியாகிவிடும், "ஓ, இதுவா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடும். நான் அப்படித்தான் வருடக்கணக்கில் இருந்தேன். மூன்று பாட்டைக் கேட்டுவிட்டு பிளாக் சப்பாத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் பக்கத்தில் 'ஹேண்ட் ஆஃப் டூம்' என்று வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றி ஏழு நிமிடப் பாட்டு ஒன்று இருப்பதும், அதில் கீசரின் பேஸ் தனியாகப் பம்மிப் பம்மி வந்து திடீரென்று மொத்தக் குழுவும் மேலே விழுவதும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 'பிளானட் கேரவன்' என்ற மென்மையான பாட்டில் ஆஸியின் குரலைச் சுழலும் ஸ்பீக்கர் வழியே விட்டிருக்கிறார்கள், தண்ணீருக்கடியில் யாரோ பாடுவது மாதிரி இருக்கும், அதையும் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்னொன்று, 'அயர்ன் மேன்' பாட்டைக் கவனித்தால் கிட்டார் போகிற சுரத்திலேயே ஆஸியும் போகிறார், வீணையோடு ஒட்டிப் பாடுகிற மாதிரி, ஒரு சங்கதிகூடத் தனியாகக் கிடையாது. பாடத் தெரியாததால் அப்படி என்று சிலர் கேலி செய்வார்கள். அந்த ஒட்டுதலில்தான் பயம் இருக்கிறது. அந்தக் குரலுக்கு வேறு போக்கிடம் இல்லை, ரிஃப் இழுத்த பக்கம் இழுபடுகிறது.

அப்போ 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. 1971இன் முதல் மாதங்களில் லண்டன் ஐலண்ட் ஸ்டூடியோவில் பதிவு, தயாரிப்பு மறுபடி ரோஜர் பெயின், அவர் இவர்களோடு செய்த கடைசி ஆல்பம் இது. இங்கேதான் டோனி தந்தியைத் தளர்த்தினார். 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு த வாய்ட்' பாட்டுகளில் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே. நம் கணக்கில் சொன்னால், கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமாக மூன்று கட்டையில் நிற்கும், இவர் அதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். கூடவே கீசரும் பேஸை இறக்கினார்.

தந்தி தளர்ந்தால் வளைக்கச் சுலபம், அடிபட்ட விரலுக்கு வலி குறைவு. அவ்வளவுதான் காரணம், பேயைக் கூப்பிடும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் தளர்ந்த தந்தி அடிக்கும்போது ஒரு கணம் சுரத்துக்கு மேலே ஏறி, அப்புறம்தான் தன் இடத்தில் வந்து உட்காரும், கனமான ஆள் நாற்காலியில் உட்காருவதைப் போல. 'இன்டு த வாய்ட்' தொடங்குகிற முதல் ஒரு நிமிடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ரிஃப் ஒவ்வொரு முறை அடிவாரத்துக்கு வரும்போதும் தந்தி லேசாக ஆடுவது கேட்கும், கீசர் அதே இடத்தில் தானும் தந்தியை இழுத்து வளைப்பார், எது கிட்டார் எது பேஸ் என்று பிரிக்க முடியாது, ஒரே பெரிய விலங்கு நடப்பது போலிருக்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும் என்பது என் நம்பிக்கை, சுரத்தில் நேராகப் போய் நிற்பதில்லை, அசைத்து அசைத்துத்தான் நிற்கிறது. பிற்பாடு டூம், ஸ்டோனர் என்று மெட்டலிலிருந்து கிளைத்த வகைகளில் எத்தனையோ குழுக்கள் இந்த ஒரு பாட்டை வைத்தே காலம் தள்ளியிருக்கின்றன என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

முதல் பாட்டு 'ஸ்வீட் லீஃப்' ஒரு இருமலோடு தொடங்கும். டோனி வேறொரு பகுதியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஆஸி கஞ்சா சுருட்டை நீட்ட, ஒரு இழுப்பில் புரையேறி இருமிய இருமல் டேப்பில் விழுந்துவிட்டது. அதை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாட்டின் தலையில் வைத்துவிட்டார்கள். பாட்டும் கஞ்சாவுக்கு எழுதின காதல் பாட்டுத்தான், மறைக்கவே இல்லை. ஆனால் அடுத்த பாட்டைப் பாருங்கள், 'ஆஃப்டர் ஃபாரெவர்', கீசர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, கடவுளை நம்பாமல் கேலி பேசுகிறவர்களைப் பார்த்து, சாகும்போது என்ன செய்வாய் என்று கேட்கிற பாட்டு. சாத்தான் குழு என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் போட்டது இது. திட்டினவர்கள் யாரும் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' குதிரை ஓட்டம். பில் வார்ட் இங்கே செய்வதை யாரும் சரியாகப் பாராட்டுவதில்லை. டிரம்ஸுக்கு மேலே இன்னொரு தாள அடுக்கு, உள்ளங்கையால் அறைகிற மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கிறது, பாட்டு முழுக்க விரட்டிக்கொண்டே வருகிறது. அதற்கு முன்னால் அரை நிமிடத்துக்கு 'எம்ப்ரியோ', பின்னால் ஒன்றரை நிமிடத்துக்கு 'ஆர்க்கிட்', இரண்டிலும் பாட்டு இல்லை, டோனி தனியாக. இரண்டாம் பக்கத்தில் 'சாலிட்யூட்', இதில் ஆஸி இவ்வளவு அமைதியாகப் பாடுகிறார் என்பதால் பாடியது பில் வார்ட் என்று இன்னமும் பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பாடியது ஆஸிதான். புல்லாங்குழல் டோனி. 1968 கடைசியில் சில வாரங்கள், பாடகரே குழல் வாசிக்கிற ஜெத்ரோ டல் குழுவில் போய் இருந்துவிட்டு வந்தவர், அங்கே பார்த்ததில் இரண்டு விஷயம் கொண்டுவந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்: குழல் ஆசை, அப்புறம் காலையிலேயே ஒத்திகைக்கு வந்துவிட வேண்டும் என்கிற ஒழுக்கம். இரண்டாவதை அவரே சொல்லியிருக்கிறார்.

மொத்தம் 34 நிமிடத்துக்குப் பக்கம். எட்டே பாட்டு. ஒன்றைக்கூடத் தாண்டிப் போகத் தோன்றாது. குறை இல்லையா என்றால் இருக்கிறது. பதிவில் மேல் ஸ்தாயி வெளிச்சம் குறைவு, மூடிய அறைக்குள் வாசித்த மாதிரி இருக்கும், மட்டமான ஸ்பீக்கரில் போட்டால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். ஃபோன் ஸ்பீக்கரில் இதைக் கேட்டுவிட்டு "என்னய்யா இது" என்று யாராவது வந்தால் நான் பொறுப்பில்லை.

நான்காவது வேட்பாளர்தான் உண்மையான போட்டி. 1979இல் ஆஸியை வெளியே அனுப்பினார்கள். குடியும் போதையும் நால்வரிடமும் இருந்தது, அவரிடம் கொஞ்சம் அதிகம். அந்த இடத்துக்கு வந்தவர் ரெயின்போ குழுவில் பாடிவிட்டு வெளியேறியிருந்த ரானி ஜேம்ஸ் டியோ. அமெரிக்கர், சின்ன வயதில் டிரம்பெட் வாசித்தவர், மூச்சைப் பிடித்துவைக்கக் கற்றது அதில்தான். டோனியும் அவரும் முதலில் சேர்ந்து உட்கார்ந்தபோது உருவானது 'சில்ட்ரன் ஆஃப் த சீ'. கீசர் குடும்பப் பிரச்சினையால் நடுவில் விலகிப் போய்த் திரும்பி வந்தார், கீபோர்டுக்கு ஜெஃப் நிக்கல்ஸ் சேர்ந்தார், தயாரிப்புக்கு டீப் பர்ப்பிள், ரெயின்போ ஆல்பங்களைச் செய்த மார்ட்டின் பர்ச். முதல்முறையாக இவர்களுடைய இசை துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது.

ஆஸிக்கும் டியோவுக்கும் வித்தியாசம் குரல் வளம் மட்டும் என்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும், டியோ பத்து மடங்கு பாடகர். ஆனால் ஆஸி கெட்ட கனவுக்குள் மாட்டிக்கொண்ட ஆள், டியோ அந்தக் கனவை நமக்குக் கதையாகச் சொல்கிற ஆள். ஆஸி ரிஃப்பின் மேலேயே நடப்பார், டியோ அதற்குக் குறுக்கே போவார், அதனால் டோனியும் ரிஃப்பை இடம்விட்டு எழுத வேண்டியிருந்தது. தலைப்புப் பாட்டான 'ஹெவன் அண்ட் ஹெல்'லில் டியோ பாடும்போது கிட்டார் பல இடங்களில் ஒதுங்கி நிற்கும், கீசரின் பேஸ் மட்டும் ஒரே சுரத்தில் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல் அந்தக் குரல் அகலமாக விரியும். ஏழு நிமிடப் பாட்டு, கடைசியில் வேகம் பிடிக்கும்போது உட்கார்ந்திருக்க முடியாது. 'டை யங்' பாட்டில் நடுவே ஒரு மெல்லிய திருப்பம் வரும், அங்கே டியோ குரலைத் தாழ்த்துகிற விதம் இருக்கிறதே, பாடகர்கள் பாடம் கேட்கலாம்.

குரலுக்காகப் பாட்டு கேட்பவர் என்றால் என் சிபாரிசை ஓரமாக வைத்துவிட்டு நேரே இங்கே வரலாம், தப்பில்லை. என் தயக்கம் வேறு. இதில் 'லேடி ஈவில்', 'வாக் அவே' இரண்டும் சுமார் ரகம், அன்றைய ரேடியோ ராக். பில் வார்டின் வாசிப்பில் பழைய ஜாஸ் ஆட்டம் குறைந்து நேர்க்கோட்டில் போகிறது. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்ததே தனக்கு நினைவில்லை என்று அவரே சொன்னார், அவ்வளவு குடி. அதே வருடம் ஆகஸ்டில், சுற்றுப்பயணத்தின் நடுவே, கிளம்பிப் போய்விட்டார், வின்னி அப்பீஸ் வந்தார். அதாவது இந்த ஆல்பத்தை விரும்பி முந்தைய பிளாக் சப்பாத் பக்கம் வருகிறவருக்கு ஏமாற்றம் உறுதி, "பாடகர் ஏன் இப்படி?" என்பார். இங்கிருந்து ரெயின்போவுக்கும் அயர்ன் மெய்டனுக்கும் போகிற பாதை சுலபம், சப்பாத்துக்குள்ளேயே பின்னால் போகிற பாதைதான் கரடுமுரடு. மாஸ்டரிலிருந்து ஆரம்பித்தவர் இரண்டு பக்கமும் போகலாம்.

இடைச்செருகல்: ராக் கச்சேரிகளில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டிக் காட்டுகிறார்களே, அதைப் பரப்பியவர் டியோதான். இத்தாலிய வம்சாவளிப் பாட்டி கண்ணேறு படாமலிருக்கச் செய்கிற சைகை அது. ஆஸி மேடையில் எப்போதும் இரண்டு விரலைக் காட்டிச் சமாதானச் சின்னம் போடுவார், அவருடைய ரசிகர்கள் முன்னால் புதியவராக நிற்கும்போது தனக்கென்று ஒன்று வேண்டுமே என்று பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டார். திருஷ்டி கழிக்கிற சைகையைச் சாத்தான் அடையாளம் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது.

மற்ற ஆல்பங்களை ஏன் சேர்க்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். 'வால்யூம் 4' (1972) எனக்கு உயிர், ஆனால் நடுவில் பியானோவோடு 'சேஞ்சஸ்' வந்து நிற்கும், அது யார் பாட்டு என்று புதியவர் குழம்புவார். 'சப்பாத் பிளடி சப்பாத்' (1973) இன்னும் நுணுக்கமானது, மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. 1976இலும் 1978இலும் ஆஸியோடு வந்த இரண்டும் களைத்துப் போன ஆட்கள் வாசித்தவை. டோனி மார்ட்டின் பாடிய காலத்துக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு, 'ஹெட்லெஸ் கிராஸ்' (1989) நல்ல ஆல்பம், ஆரம்பம் அங்கே வேண்டாம். 2013இன் '13'இல் பில் வார்ட் இல்லை, அதோடு முடிந்தது என் பேச்சு.

இசைச் செயலிகளில் தேடும்போது குழம்பாமலிருக்க ஒரு விஷயம். பழைய அமெரிக்கப் பதிப்புகளில் பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருப்பார்கள், 'வார் பிக்ஸ்' பக்கத்தில் 'லூக்ஸ் வால்' என்று கூடுதலாக ஒன்று இருக்கும், வேறு பாட்டு என்று தேட வேண்டாம், அதே இசைதான். முதல் ஆல்பத்தில் மட்டும் உண்மையாகவே மாறும், இங்கிலாந்துப் பதிப்பில் 'ஈவில் உமன்', அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதில் 'விக்கெட் வேர்ல்ட்'. அப்புறம் டீலக்ஸ் பதிப்பு என்று பின்னால் ஒத்திகைப் பதிவுகளை ஒட்டியிருப்பார்கள், மாஸ்டரில் எட்டாவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். 'இன்டு த வாய்ட்' முடிந்ததும் வர வேண்டியது மௌனம்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 5, ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. டோனி, கீசர், பில், ஆஸி நால்வரும் இருபது வருடத்தில் முதல்முறையாக ஒரே மேடையில். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். நான்கே பாட்டு: 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்'. மூன்று இரண்டாவது ஆல்பத்திலிருந்து, ஒன்று முதல் ஆல்பத்திலிருந்து, மாஸ்டரிலிருந்து ஒன்றுகூட இல்லை. பதினேழு நாளில், ஜூலை 22 அன்று ஆஸி போய்விட்டார். விடைபெறும்போது ஊரே சேர்ந்து பாடுவதற்கு 'பாரனாய்ட்'தான் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். முதல்முறை தனியாக இருட்டில் உட்கார்ந்து கேட்கப் போகிறவருக்கு அது தேவையில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் சொல்லி, ஹெட்ஃபோனும் கொடுத்து, 'ஸ்வீட் லீஃப்' போட்டுவிட்டேன். இருமல் வந்ததும் ஃபோனில் ஏதோ கோளாறு என்று கழற்றிப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கடைசிவரை அசையாமல் கேட்டார், நானும் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புல்லாங்குழல் யாரு?"